பேராதனைக்கு வரும் கொப்பிகள்

கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் ஒரு பிள்ளை காலையில் கண்கள் அதைத்து எழும்பினால், முன்பெல்லாம் பூச்சி என்பார்கள், கண்ணூறு என்பார்கள். பொழுது சாயும்போது முகம் வற்றிக் கால் வீங்கும். வயிறும் உப்பிய பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள்.

சிறுநீரக நோய் என்றதும் இலங்கையில் பலருக்கும் வடமத்திய மாகாணத்து விவசாயிகளே நினைவுக்கு வருவார்கள். பிள்ளையை வீங்கவைக்கும் இது வேறு சிறுநீரக நோய்; நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம் என்று பெயர். பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வயதுக்குள் தொடங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டி இளகி, இரத்தத்தில் தங்கவேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு போய்விடும். இரத்தத்தில் நிற்காத நீர் உடம்பில் இறங்கும். நுண்ணுயிர்க்கொல்லிகள் வருமுன் இப்பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் இருவர் இறந்தார்கள் என்று பழைய மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. பலரைக் கொண்டுபோனது கிருமித்தொற்று. 1940களில் பெனிசிலினும் 1950களில் ஸ்டீரொயிட்டும் வந்து அந்தக் கணக்கை மாற்றின. இன்று பத்துப் பிள்ளைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தொடங்கி நான்கு வாரத்துக்குள் புரதம் நின்றுவிடுகிறது. நோய் திரும்பவும் வரும் என்பதுதான் மிச்சமிருக்கும் தொல்லை.

தடிமன் பிடித்தாலே அது திரும்பிவிடக்கூடும். தடிமன் பிடித்த நாட்களில் மருந்தின் அளவைக் கூட்டினால் தடுக்கலாம் என்று பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசிரி அபேகுணவர்தன 2008இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் அந்தப் பயன் தெரியவில்லை. வாதம் இன்னும் முடியவில்லை. 1962இல் மருத்துவ பீடம் தொடங்கிய ஊரிலிருந்து உலகம் வாதாடும் கேள்வி ஒன்று எழுந்ததே பெரிய மாற்றம் என்பேன். நாட்டின் முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை 1985இல் கொழும்பில் நடந்தது. இன்று சிறுநீரகம் செயலிழந்த பிள்ளைகளுக்கே பேராதனையில் அது நடக்கிறது.

ஆனாலும் நோயைப் பிடித்துவைத்திருப்பது சிறுநீர்ச் சோதனையின் முடிவைத் தாய் வீட்டில் குறித்துவரும் கொப்பிதான். அன்று சோதனைக் குழாயில் சிறுநீரின் மேற்பகுதியைச் சூடாக்கினார்கள். கலங்கினால் வினாகிரி சில சொட்டு விட்டு, அப்படியும் தெளியாவிட்டால் புரதம் என்றார்கள். இன்று சிறுநீரில் தோய்த்த மஞ்சள் பட்டியொன்று பச்சையாகிறது. மூன்று நாள் தொடர்ந்து மூன்று கூட்டல் குறி விழுந்தால் நோய் திரும்பிவிட்டது. விளக்கம் தமிழில் கிடைக்காத நாளிலும் அந்தக் குறிகள் வைத்தியருக்குப் புரியும். பட்டிக்குக் காசு வேண்டும். பழைய முறைக்கு நெருப்பும் வினாகிரியும் போதும். 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியபோது, இறக்குமதியை நம்பிய வைத்தியம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்தது.

லயத்தில் எந்தப் பிள்ளை எப்போது வீங்கியது என்று அன்றைய டிஸ்பென்சர் கேட்காமலே அறிவார். மருந்துதான் அவரிடம் இல்லை. இன்றைய கிளினிக்கில் மருந்து இருக்கிறது. பிள்ளையை அறியக் கொப்பியைப் புரட்டவேண்டும். எனக்குக் கொப்பியே மேல். முன்பு வாட்டில் வாரக்கணக்கில் உப்பில்லாச் சோற்றோடு படுத்துக்கிடந்த வயதில், பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

காலையில் பிள்ளையின் கண்கள் அதைத்திருந்தால் அன்றே சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்கள். வீக்கம் வற்றிவிட்டதென்று பிரெட்னிசொலோனை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.