கொல்லைப்புறத்தில் ஒரு மேடை

புதுமனை மந்திரிக்கச் செல்லும்போது கூடம், படுக்கையறை, சமையலறை என்று ஒவ்வோர் இடமாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு, கடைசியில் பின்கதவைத் திறக்கும்படி கேட்பது நமது வழக்கம். கேட்டவுடன் வீட்டுக்காரர் முகத்தில் சிறிது தயக்கம் தோன்றும். "அங்கே ஒன்றுமில்லை, சாமி" என்பார். திறந்து பார்த்தால் நிறையவே இருக்கும். உடைந்த தொட்டி, மிச்சமான ஓடுகள், துணிக்கொடி, மோட்டார்ப் பெட்டி, கழிவுநீர்த் தொட்டியின் மூடி, யாரும் நடாமலே முளைத்து நிற்கும் ஒரு பப்பாளி. முன்வாசலுக்குப் பளிங்கும் வர்ணமும் இட்டவர்கள் பின்வாசலை மறந்துவிடுகிறார்கள்.

தாம்பரம் பகுதியில் இந்தப் பின்வாசல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1931ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னரே, நகரத்தில் வேலை பார்ப்பவர் இங்கே குடியிருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டது. சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று மனைகள் பிரிக்கப்பட்டன. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, என்பது நடுத்தரக் குடும்பத்தின் கனவாயிற்று. நடுவில் வீடு, முன்னே சிறு தோட்டம், பின்னே கிணறும் துவைக்கிற கல்லும் முருங்கையும். அவற்றுள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. எஞ்சியிருக்கும் வீடுகளில், அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளிடமிருந்து இப்போது ஒரு புதிய யோசனை வருகிறது. கொல்லைப்புறத்தில் மரப்பலகையால் ஒரு மேடை. அந்நாடுகளில் அதற்கு 'டெக்' என்று பெயர்.

நமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கும் அவ்வாறு ஒரு வரைபடம் மெல்போர்னிலிருந்து வந்தது. தாய்க்கு வயது எழுபத்தெட்டு, விதவை. வாதநோய் தாக்கியதில் வலக்கை சோர்ந்துவிட, மகளின் பராமரிப்பில் இருக்கிறார். மகன் அனுப்பிய வரைபடம் அழகாகவே இருந்தது. முப்பது அடி நீளம், பதினெட்டு அடி அகலம். கொல்லை முழுவதும் பலகை. களை முளைக்காதிருக்கப் பலகைக்குக் கீழே சிமெண்டுத் தளம். கிணறு மூடப்படும், கறிவேப்பிலை மரமும் மல்லிகைப் பந்தலும் நீக்கப்படும். வரும் தை மாதம் பேரக்குழந்தைகளுடன் வந்து அம்மாவோடு அங்கே அமர வேண்டும் என்பது மகனின் ஆசை. தாயோ வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. அவரைச் சம்மதிக்கச் செய்யுமாறு மகள் நம்மை அழைத்திருந்தார்.

"சாமி, எனக்கு மேடை எதற்கு? கீழே இறங்கி மண்ணை மிதிக்க வேண்டும். மாதாவுக்குப் பூப்பறித்து இரண்டு வருஷம் ஆகிறது" என்றார் அந்த அம்மையார்.

பின்வாசற்படிகளைச் சென்று பார்த்தோம். ஒவ்வொன்றும் முக்கால் அடி உயரம். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நல்ல கால் உள்ளவரே தடுமாறும் படிகள். சம்மதிக்க வைக்கச் சென்ற நாம், அம்மையார் பக்கம் சம்மதித்துத் திரும்பினோம்.

மகன்மீது குறை கூற மாட்டோம். 2015ஆம் ஆண்டு வெள்ள இரவில் தொலைபேசி கிடைக்காமல், தாய் இருக்கிறாரா இல்லையா என்று அறியாமல் விடியும்வரை தவித்தவர் அவர். தூரத்திலிருக்கும் அன்பு பெரிதாகத்தான் கட்ட நினைக்கும். வரைபடம் போடுமுன் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போயிற்று: அங்கே நாள்தோறும் உட்காரப்போகிறவர் யார்?

மேடை அமைக்க எண்ணும் குடும்பத்தார்க்கு நாம் சொல்லும் முதல் யோசனை செலவில்லாதது. கோலமாவினால் மேடையின் அளவைத் தரையில் கோடிடுங்கள். அதனுள் நாற்காலி போட்டு ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை என்று மாறி மாறி உட்காருங்கள். வெயிலும் காற்றும் தாமே வரைபடத்தைத் திருத்தும். நாம் கூறும் வீடு கிழக்கு நோக்கியது. ஆகவே கொல்லை மேற்கே. காலையில் வீட்டின் நிழல் விழும். நண்பகலுக்குப் பின் சூரியன் சாயும்வரை அனல். சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் நேரே தலைக்குமேல் நிற்பதால், அந்நாட்களில் சுவரின் நிழலை நம்பிப் பயனில்லை. பிற்பகலில் நம்மை ஆற்றும் கடற்காற்றோ தென்கிழக்கிலிருந்து வருவது. வீடே அதை மறித்துவிடும். நாற்காலி வைத்துப் பார்த்ததில், வீட்டுக்குத் தென்புறமுள்ள சந்தின் வாயில் மட்டும் மாலையில் காற்று சிலுசிலுவென்று வருவது தெரிந்தது. கொல்லையின் நடுவில் வரையப்பட்டிருந்த மேடை இவ்வாறு தென்கோடிக்கு நகர்ந்தது. மேற்கு வெயிலை மறைக்க ஒரு புங்கங்கன்று நடுவதென்று முடிவாயிற்று. முருங்கை வேண்டாம் என்றோம். அது முறிவதும் எளிது, கம்பளிப்பூச்சியும் ஏறும். மம்ரே மரங்களருகே வெயில் வேளையில் கூடார வாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாமும் நிழல் பார்த்தே கூடாரம் அடித்திருப்பார் என்பது நமது ஊகம்.

அடுத்தது மழை. தாம்பரத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செண்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க நேர்ந்தது. இனிக் கணக்குப் பார்ப்போம். முப்பதுக்குப் பதினெட்டு என்பது 540 சதுர அடி. அவ்வளவு மழை அதன்மேல் பெய்தால் ஏறக்குறைய 24,600 லிட்டர்; பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இரண்டு நிரம்பும். இடைவெளி விட்டு அடித்த பலகை தண்ணீரைக் கீழே விட்டுவிடும். ஆனால் கீழே சிமெண்டு போட்டால் அது எங்கே போகும்? அண்டை வீட்டுக்கு, அல்லது நம் வீட்டுக்குள்ளேயே. 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு தெருவில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அந்தக் கோடையில் வற்றிய இவ்வீட்டுக் கிணறு, அடுத்த மழைக்காலத்தில் மண் வழியாக இறங்கிய நீரினால் மீண்டும் ஊறியது. கிணற்றுக்கு இரும்பு வலை மூடியும், கொசு நுழையாதிருக்கச் சன்னவலையும் போதும். அதைத் தூர்ப்பது பெரும்பிழை. மரமேடைக்குக் கீழே தேங்கும் நீரும் கொசுவுக்குத் தொட்டிலாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மேடையின் அளவு பன்னிரண்டுக்குப் பத்து அடியாகக் குறைந்தது. நான்கு நாற்காலிகளும் ஒரு சாய்வு நாற்காலியும் போட்டு, செபமாலைக்குச் சுற்றி அமர அது தாராளம்.

எதனால் கட்டுவது? குளிர்நாட்டில் மரம் இயல்பான பொருள். இங்கே கரையானும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் அதன் பகைவர். மரமே வேண்டுவோர் தேக்கு, வேங்கை போன்ற வைரமேறிய மரத்தைக் கொள்ளட்டும். தூண்களை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தட்டும். பலகைகளுக்கிடையே கால் அங்குலம் விடட்டும். தாங்கும் சட்டங்களைப் பதினாறு அங்குலத்துக்கு மேல் அகற்றி வைக்காதிருக்கட்டும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை கரையானுக்குத் தப்பும். ஆனால் மே மாத வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது. துறைமுகச் சரக்கோடு வரும் பழைய பைன் பெட்டிப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் 'எச்.டி.' என்ற முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது; 'எம்.பி.' என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்டது. பின்னதைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் சேர்க்கலாகாது.

நம் பகுதிக்கே உரிய பொருள் ஒன்று உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்தான் அது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ளதும் அவ்வகைக் கல்லே. அதனால்தான் ஹாலந்து என்னும் நிலவியலார் 1893இல் அதற்குச் சார்னக்கைட்டு என்று பெயர் சூட்டினார். தோமையார் மலைக்கு ஏறுகிறவர்கள் தாம் மிதிக்கும் பாறைக்கு இப்படி உலகப்புகழ் உண்டென்று அறியார்! அத்தகைய கருங்கல் பலகையைப் பளபளப்பாக்காமல் சொரசொரப்பாகக் கொத்தி வாங்குவதே மேல். மழமழப்பான ஓடு பதித்த ஒரு பின்வாசலில் ஈரத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டிக்கு நாம் நோயில்பூசுதல் கொடுக்க நேர்ந்தது. அதன்பின் பளபளப்பைக் கண்டாலே நமக்கு அச்சம்.

ஆகவே முடிவான திட்டம் இது. செங்கல் சுற்றுச்சுவர், உள்ளே கெட்டித்த கிராவல் மண், மேலே கருங்கல் பலகை; இடுக்குகளில் சிமெண்டுக்குப் பதில் மணல். மரம் உட்காரும் விளிம்பில் மட்டும். வீட்டுச்சுவரில் ஈரம் ஏறாதிருக்க ஒரு சாண் இடைவெளி விட்டு, அதன்மேல் ஒரு கல்லைப் பாலமாக வைத்தார்கள். மேடை வீட்டுத் தளத்துக்கு அரை அங்குலம் தாழ்ந்து, வெளிப்புறம் எட்டு அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். கழிவுநீர்த் தொட்டியின் மூடி மேடைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதில் நாம் பிடிவாதமாக இருந்தோம். மூடியை மறைத்துவிட்டால், சுத்தம் செய்ய இயந்திரக் குழாய் நுழையாமல், ஓர் ஏழை மனிதனை உள்ளே இறக்கும் எண்ணம் எவர்க்கும் வந்துவிடும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிடினும் அது பாவமே. மேடைக்குக் கூரை போடுவோர் தாம்பரம் மாநகராட்சியின் அனுமதி வேண்டுமா என்று முன்னதாகக் கேட்டறிவது நன்று.

இனி அம்மையாரின் படிகள். பதினெட்டு அங்குல உயரத்துக்கு ஆறு அங்குலமாக மூன்று படிகள். கால் வைக்க ஓரடி அகலம். மூன்றடி உயரத்தில் கைப்பிடிக் குழாய். புது வீடு கட்டுகிறவன், எவரும் விழாதபடி மாடியில் கைப்பிடிச்சுவர் எடுக்க வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் விதித்திருப்பதை மகனுக்கு எழுதினோம். அவர் முதலில் மனம் வருந்தினார். பிறகு தாமே உட்கார்ந்து வரைபடத்தைப் புதிதாக வரைந்து அனுப்பினார். அம்மாவின் பலமான கை இடக்கை என்பதால், இறங்கும்போது இடப்புறம் வருமாறு தென்பக்கத்தில் கைப்பிடியைக் காட்டியிருந்தார். மகள், மேஸ்திரி, நாம் எல்லோரும் அதைப் பார்த்துத் தலையசைத்தோம்.

வேலை முடிந்த அன்று மாலை ஐந்து மணிக்கு அம்மையார் தாமாகவே இறங்கினார். மல்லிகைப் பந்தலடியில் வெகுநேரம் நின்று முந்தானையில் பூச்சேர்த்தார். திரும்பிப் படியருகே வந்தபோதுதான் எல்லோர்க்கும் உறைத்தது. ஏறும்போது கைப்பிடி வலப்புறம். அந்தக் கையிலோ பிடி இல்லை. "இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு ஏறத் தெரியவில்லையே" என்று அவர்தாம் முதலில் சிரித்தார். மகள் தாங்கி ஏற்றினார். மறுநாளே மேஸ்திரி வடபுறத்திலும் ஒரு குழாய் நட்டுவிட்டுப் போனார். அதற்குக் கூலி வாங்கவில்லை.