தேர்வுக்கு வராத கேள்வி

பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலும் நான், வார இறுதியில் உயர்நிலை இரண்டு மாணவி ஒருவருக்குத் துணைப்பாடம் நடத்துகிறேன். கணக்கென்றாலே ஒதுங்கும் அவர் ஒருநாள் கேட்டார்: "அக்கா, 1, 2, 3 என்று போகும் எண்களில் பாதிதானே இரட்டைப்படை எண்கள்?"

"அது தேர்வுக்கு வராது" என்றேன். அவர் முகம் வாடியது. பள்ளியில் அதே பதிலைக் கேட்டு நானும் வாடியிருக்கிறேன்.

எனக்குப் பூப்பந்து என்றால் உயிர். அடுத்த வாரம் மட்டைகளையும் பந்துகளையும் கொண்டுபோனேன். மட்டைக்கொரு பந்து வைத்தோம், எதுவும் மிஞ்சவில்லை. எண்ணாமலேயே இரண்டும் சமம் என்று தெரிந்தது. அதேபோல் 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என்று இணைத்தால் எந்த எண்ணும் விடுபடாது. பாதி என்று நினைத்தது முழுமைக்குச் சமம்!

"அப்படியென்றால் எல்லா முடிவிலியும் ஒன்றுதானா?" என்றார்.

இல்லை. கணக் கோட்பாட்டை உருவாக்கிய கியோர்க் கேண்டர், முடிவில்லாத் தசமங்களையும் உள்ளடக்கிய மெய்யெண்களை 1, 2, 3 என்னும் எண்களோடு இப்படி இணைக்கவே முடியாது என 1874-இல் நிறுவினார். மெய்யெண்களின் முடிவிலி இன்னும் பெரியது.

இதுவும் தேர்வுக்கு வராதுதான். ஆனால், அன்று பாடம் முடிந்தும் அவர் புத்தகத்தை மூடவில்லை.