இருமுறை வழங்காத எண்

கணினியிற் சேரும் பதிவு ஒவ்வொன்றிற்கும் தனித்ததோர் அடையாள எண் வேண்டும். பெயர் இதற்குப் போதாது. ஓரூரிலேயே ஞானமுத்துக்கள் பலர் உளர். மருத்துவமனையொன்றில் இரு நோயாளர்க்கு ஒரே எண் விழுமாயின், ஒருவர்க்கு எழுதிய மருந்தை மற்றொருவர் உண்ண நேரும்.

ஓர் எழுத்தர் இருந்து எழுதும் ஏடாயின் ஒன்று, இரண்டு என எண்ணிச் செல்லலாம். பல்லாயிரம் கணினிகள் ஒன்றையொன்று வினவாமலே எண் வழங்க வேண்டுமெனின் என்செய்வது? இதற்கென அமைந்ததே யூயூஐடி என்னும் 128 பிட் அடையாளம். அதன் முதல் வகை காலத்தையும் இடத்தையும் கொண்டு ஆவது. காலமாவது, போப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியின் நாட்காட்டி தொடங்கிய 1582 அக்டோபர் 15 முதலாக, வினாடியைக் கோடி கூறிட்டு எண்ணிய தொகை. இடமாவது, கணினியின் வலையட்டைக்குரிய 48 பிட் முகவரி. கணினி வேறாயின் முகவரி வேறாம். கணினி ஒன்றாயின் காலம் வேறாம்.

கேட்பதற்குக் குறையற்ற ஏற்பாடே. ஆயினும் ஒரே கணினியில் இரு நிரல்கள் ஒரே நொடிக்கூறில் எண் கேட்டால்? கடிகாரத்தை எவரேனும் பின்னுக்குத் திருப்பினால்? இவ்விடத்தே முன்பு வழங்கியதை நினைவிற்கொள்வார் ஒருவர் வேண்டப்படுகின்றார்.

லினக்ஸில் அவ்வேலை யூயூஐடிடி என்னும் பின்னணிப் பணிக்குரியது. இத்தகைய பணிகளை டேமன் என்பர். நம் வேதாகமத்திற் பிசாசு எனப் பெயர்க்கப்பெற்ற கிரேக்கச் சொல்லுக்கு இஃது உறவாயினும், அஞ்சவேண்டுவதில்லை. மாக்ஸ்வெல் என்னும் இயற்பியலார் கற்பித்த, ஓயாது உழைக்கும் குறும்பூதத்தை எண்ணி 1963-இல் அமெரிக்க அறிஞர் இட்ட பெயர் அது. இப்பணி இறுதியாக வழங்கிய காலத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். கடிகாரம் நகராதிருப்பின் தானே ஒரு கூறு கூட்டிக் கொடுக்கும். கூட்டவும் இடமின்றேல், நகருமளவும் காத்திருக்கும். கடிகாரம் பின்னோக்கின், எண்ணினுள் இதற்கென ஒதுக்கிய 14 பிட் வரிசையெண்ணை மாற்றும்.

இதனை நடத்துதல் அரிதன்று. மிகுந்த அதிகாரமில்லாத தனிப் பயனர் ஒருவர் பெயரில் இயக்கி, அக்கோப்பில் எழுதும் உரிமையை அவர்க்கே அளித்தல் வேண்டும். முதல் வேண்டுகோள் வரும்போது விழித்தெழுமாறு அமைத்தலும் உண்டு. இடர் வேறிடத்திலுளது. பணி நின்றுபோனால் எண் வழங்குதல் நிற்பதில்லை! கேட்கும் நிரல் தானே எண் ஆக்கிக்கொள்ளும். நினைவுக் கோப்பைத் தொடும் உரிமை அதற்கில்லையேல், உறுதியற்ற எண்ணே பிறக்கும். அதுவும் பார்வைக்கு மற்றவைபோலவே இருக்கும். ஆதலின் எண் உறுதியுடையதா எனத் தெரிவிக்கும் அழைப்பையே நிரலாளர் ஆளுதல் வேண்டும், பலர் ஆளுவதில்லை. அன்றியும், ஒரு மெய்நிகர்க் கணினியை முகவரியோடு நகலெடுத்து இரண்டாக ஓட்டினால், இரண்டினும் உள்ள காவலர் ஒருவரையொருவர் அறியார்.

முகவரி எண்ணிற் பதிவதால் மற்றொரு விளைவும் உண்டு. 1999-இல் மெலிசா என்னும் கணினி நச்சுநிரலை இயற்றியவனைத் தேடியோர்க்கு, கோப்பினுட் கிடந்த இத்தகைய அடையாளமே துப்பாயிற்று. குற்றவாளியைக் காட்டிய அதே எண் குற்றமற்றவரையும் காட்டுமன்றோ? 122 பிட்டுகளைக் குருட்டாம்போக்கில் நிரப்பும் நான்காம் வகையில் முகவரியும் இல்லை, காவலரும் வேண்டா. ஆனால் அவ்வெண்கள் கால வரிசையில் நில்லா. 2024-இல் வெளியான விதிநூல் சேர்த்த ஏழாம் வகையோ, காலத்தை முன்னே நிறுத்தி, முகவரியை அறவே விடுத்தது.