கோடியில் ஒரு கிரணம்

ஆபரேஷன் மேஜையின் மீது ஒருவர் மயக்கத்தில் கிடக்கிறார். மண்டை ஓடு திறந்திருக்கிறது. மூளையில் உள்ள கட்டியிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்தனுப்பிவிட்டு ரண வைத்தியர் காத்து நிற்கிறார். கட்டி இன்னதென்று தெரிந்தாலன்றி அவர் மேலே கத்தியை வைப்பதற்கில்லை. 'கிளையோமா' என்ற வகையானால், பேச்சுக்கும் நடைக்கும் பங்கம் வராமல் எவ்வளவு எடுக்கலாமோ அவ்வளவையும் எடுத்துவிட வேண்டும். 'லிம்போமா'வானால் வெட்டி எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. மண்டையை மூடிவிட்டு மருந்தை நம்ப வேண்டும். வெறுங் கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக் கூடும்.

சாதாரணமாகச் சதைத் துணுக்கைச் சோதிக்கும் முறை நிதானமானது. பார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரை வாங்கி, பாரபின் மெழுகில் பதித்து, மில்லி மீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றிய பிறகே மைக்ராஸ்கோப்பின் அடியில் வைப்பார்கள். இதற்கு ஒன்றிரண்டு நாள் செல்லும். திறந்த மண்டை அதுவரை காத்திராது.

ஆகவே குறுக்கு வழி ஒன்று கண்டார்கள். அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரத்து மேயோ வைத்தியசாலையில் 1905-ல் லூயி வில்ஸன் என்பவர் துணுக்கை உறையவைத்துச் சீவிச் சாயமேற்றினார். அப்போது கடுங்குளிர் காலம். துணுக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டியே உறையச் செய்தார் என்பார்கள். இன்று அதற்குக் குளிர்ப்பெட்டி இருக்கிறது; இருபது முப்பது நிமிஷத்தில் பதில் வருகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த முறை இது. ஆனால் மூளை நீர் மிகுந்த மெல்லிய பண்டம். உறையும்போது பனிப்படிகங்கள் அதன் உருவத்தையே சிதைத்துவிடுவதுண்டு.

உறையவைக்காமல், சீவாமல், சாயமும் ஏற்றாமல் பார்க்க வழியுண்டா? உண்டு. அதன் வேர் இருப்பது நம் நாட்டில்.

1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி கல்கத்தாவில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனும் கண்ட விந்தையை நேயர்கள் அறிவார்கள். ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, அப்பொருளின் மூலக்கூறுகளின் துடிப்போடு கொடுக்கல் வாங்கல் செய்து, நிறம் மாறி வெளிவருகிறது. மாறிய நிறம் பொருள் இன்னதென்று சொல்லிவிடும். 1930-ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டுதோறும் இந்தத் தேதியில் வகுப்பில் ராமன் கதையைச் சொல்லும்போது, "இதனால் என்ன பிரயோஜனம், ஸார்?" என்று பின்பெஞ்சியிலிருந்து ஒரு குரல் எழாமலிருப்பதில்லை. நியாயமான கேள்விதான் என்பது நம் கட்சி.

தொல்லை என்னவென்றால், இப்படி நிறம் மாறுவது சுமார் கோடியில் ஒரு கிரணமே. அதைக் கொண்டு படம் பிடிக்க மணிக் கணக்காகும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு கையும் அதை உயர வீசவல்லது அல்லவா? அதுபோல இரண்டு லேஸர் கிரணங்களைச் சேர்த்துப் பாய்ச்சி, அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் மூலக்கூறின் துடிப்புக்குச் சரியாக இருக்கும்படி செய்தால், மங்கல் ஒளி பல மடங்கு பெருகுகிறது. ஹார்வர்டு ஸர்வகலாசாலையில் 2008-ல் இவ்வழியே பூதக்கண்ணாடிப் படம் எடுத்தார்கள். மிச்சிகன் ஸர்வகலாசாலையார் இக்கருவியை ஆபரேஷன் அறைக்கே கொண்டுவந்து, 2017-ல் விவரம் வெளியிட்டார்கள். கொழுப்பு ஒரு துடிப்பிலும் புரதம் வேறொரு துடிப்பிலும் தெரிகின்றன. கம்ப்யூட்டர் அவற்றுக்குப் பழைய சாயங்களின் ஊதாவையும் இளஞ்சிவப்பையுமே பூசிக் காட்டுகிறது. நூறாண்டுக்கு மேலாக வைத்தியர்களின் கண் பழகிய நிறங்கள் அவை. அவற்றை மாற்றாமல் விட்டது புத்திசாலித்தனம்.

2020-ல் 278 நோயாளிகளின் துணுக்குகளை வைத்து ஒரு பரீக்ஷை நடந்தது. இருபத்தைந்து லட்சம் படங்களுக்கு மேல் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டர், இரண்டரை நிமிஷத்துக்குள் முடிவு சொன்னது. அது நூற்றுக்கு 94.6 சரி, வழக்கமான முறையில் பார்த்த நிபுணர்கள் 93.9. இதைக் கொண்டு இயந்திரம் வைத்தியரை வென்றுவிட்டதென்று முரசறைவது பேதைமை. நமக்குச் சுவையாகப் பட்டது வேறு: இயந்திரம் தவறிய இடங்களில் பெரும்பாலும் நிபுணர்கள் தவறவில்லை, நிபுணர்கள் தவறிய இடங்களில் இயந்திரம் தவறவில்லை.

கருவி இன்னும் எங்கும் பரவிவிடவில்லை. நிபுணர் இல்லாத சிறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கே அது அதிகம் தேவை. ஒளி பட்ட துணுக்கு கெட்டுப் போவதுமில்லை. படம் எடுத்தானதும் அதே துணுக்கைப் பார்மலினில் போட்டு மெழுகுக்கு அனுப்புகிறார்கள். முடிவான அறிக்கை அந்தப் பழைய வழியிலேயே, ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து சேருகிறது.