சாமிகிட்ட டீல் பேசாதீங்க பாஸ்!

ஒரு ரகசியம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. போன மாசம் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில ரெண்டு துண்டுச் சீட்டு எழுதிப் போட்டேன். ஒண்ணுல 'வேலை', இன்னொண்ணுல 'மேல்படிப்பு'. எடுத்தா 'வேலை'னு வந்துச்சு. மனசு ஒப்பல. திரும்பக் குலுக்கினேன். அப்பவும் 'வேலை'! மூணாவது தடவை 'மேல்படிப்பு' வந்ததும், 'அம்மனே சொல்லிட்டா'னு விழுந்து கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

நீங்க மட்டும் என்னவாம்? முடிவை நீங்களே எடுத்துட்டு, சாமிகிட்ட கையெழுத்து மட்டும் கேட்டதில்லையா?

இந்தக் கோல்மால்ல நமக்கெல்லாம் ஒரு சீனியர் உண்டு. சாட்சாத் சுந்தரர்! சிவனுக்கே தோழர்னு பேர் வாங்கினவர். திருவாரூர்ல பரவையாரைக் கல்யாணம் பண்ணியிருந்தவர், நம்ம திருவொற்றியூருக்கு வந்தப்போ, கோயிலுக்குப் பூ கட்டிக்கிட்டிருந்த சங்கிலியாரைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துட்டார். 'உன்னைப் பிரிய மாட்டேன்'னு சத்தியம் பண்ணினாதான் கல்யாணம். ஆனா திருவாரூரை விட்டு இருக்க முடியாதுன்னு அவருக்கே தெரியும். என்ன செஞ்சார் தெரியுமா? 'நான் சந்நிதியில சத்தியம் பண்ணும்போது நீங்க மட்டும் மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க'ன்னு சிவன்கிட்டயே டீல் பேசினார்!

சிவன் சரின்னுட்டார். அப்புறம் நேரா சங்கிலியார் கனவுல போய், 'சத்தியத்தை மகிழ மரத்தடியில வாங்கு'ன்னு சொல்லிட்டார். மாட்டினார் சுந்தரர்! வசந்த விழா நெருங்க, திருவாரூர் ஞாபகம் தாங்காமக் கிளம்பினவருக்கு, ஊர் எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போச்சு. 12-ம் நூற்றாண்டுல சேக்கிழார் பாடின பெரியபுராணத்துல இந்தக் கதை இருக்கு. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில்ல மாசி உற்சவத்தப்போ 'மகிழடி சேவை'ன்னு இதை விழாவாவே நடத்துறாங்க.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம்தான். கண்ணு போன பிறகு சுந்தரர் டீல் பேசல. 'தப்புப் பண்ணிட்டேன், தாங்க முடியல'ன்னு அழுதார், உரிமையோட கோபப்பட்டார். உடனே பார்வை வந்துடல. திருவெண்பாக்கத்துல கிடைச்சது ஒரு ஊன்றுகோல் மட்டும். காஞ்சிபுரத்துல ஒரு கண், திருவாரூர்ல இன்னொண்ணு!

அதேதான் பாஸ் மேட்டர். சாமி முழு ரூட் மேப் தராது. அடுத்த அடி வைக்க ஒரு கோல் தரும். அதுக்கும் நாம முதல்ல உண்மையைச் சொல்லணும்.

இது ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்ல. ராயபுரத்துல படகோட்டிகள் 1829-ல கட்டின புனித பேதுரு ஆலயத்துக்குப் போங்க. அங்கே கும்பிடுற இயேசுவும் கெத்செமனே தோட்டத்துல, 'இந்தத் துன்பம் வேணாம்'னு மனசுல இருந்ததை ஒளிக்காம வேண்டினவர்தான். அப்புறம்தான் முடிவைத் தந்தையோட விருப்பத்துக்கு விட்டார். 'எனக்கு பயமா இருக்கு'ன்னு சொல்றதும் ஜெபம்தான்!

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். சீட்டு இல்லாம. 'தாயே, எனக்குப் படிக்கணும். ஆனா அப்பாவோட கடனை நெனச்சா பயமா இருக்கு. அவர்கிட்ட கேக்கவும் பயமா இருக்கு'ன்னேன். சொல்லி முடிச்சதும்தான் உறைச்சது. இதை நான் அப்பாகிட்டயே இன்னும் சொல்லலையே!

ராத்திரி கன்டெய்னர் லாரி டியூட்டி முடிஞ்சு வந்தவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "ஏம்மா, இதை முதல்லயே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"ன்னார். அப்புறம் கடன் நோட்டை எடுத்து என் முன்னாடி வெச்சார். ரெண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போட்டுக்கிட்டிருக்கோம். வேலையா, படிப்பா? இன்னும் முடிவாகல. ஆனா எனக்கான ஊன்றுகோல் கிடைச்சாச்சு.

உங்களுக்கும் ஒரு குழப்பம் இருக்கா? தேரடி மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினா தியாகராஜர் கோயில் பக்கம்தான். இல்ல உங்க தெரு முனை சர்ச், மசூதி, எதுவானாலும் சரி. போங்க, பேசுங்க. சீட்டை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க!