கம்பெனியில் கண்ணாடி, வீட்டில் கைலி

காலை ஷிப்ட் பஸ்கள் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் வரிசையாகப் போவதைப் பார்த்தால், இந்த ஊரில் எத்தனை வீட்டில் திருகு முடுக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்பது விளங்கும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று கார், பைக், செல்போன் செய்யும் லைன்களில் நாள் முழுக்க போல்ட்டும் ஸ்குரூவும் முடுக்குகிறவர்கள் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை இவர்களே ஆன்லைனில் வாங்கிய பாட்டரி டிரில்லை எடுத்துக்கொண்டு கைலியோடு, வெறுங்காலோடு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறுகிறார்கள். திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும். கம்பெனியில் போடும் கண்ணாடியும் ஷூவும் லாக்கரில் இருக்கின்றன.

பயிற்சி இல்லாதவர்தான் அடிபடுவார் என்று நினைக்கிறோம். பழகிய கைக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது.

லைனில் இருப்பது, வீட்டில் இல்லாதது

லைனில் பாகம் ஃபிக்ஸ்ச்சருக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கருவி பல இடங்களில் தலைக்கு மேலிருந்து பாலன்சரில் தொங்கும். வைத்த டார்க் (முறுக்கு விசை) வந்ததும் தானே நின்றுவிடும். தொழிலாளி பிடித்துக் காட்டினால் போதும்; மீதிப் பொறுப்பை அந்த ஏற்பாடு ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் பலகை தொடை மேல் இருக்கிறது, அல்லது கால் பெருவிரலுக்கு அடியில்.

18 வோல்ட் டிரில் பலவற்றில் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு விசை உண்டு. ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 5 கிலோ தொங்கினால் மறுமுனையில் எவ்வளவு முறுக்குமோ அவ்வளவு. துளை போடும் முனையான பிட் கான்கிரீட் கம்பியிலோ மரத்தின் கணுவிலோ சிக்கினால் பிட் நிற்கும், மெஷின் சுற்றும், கூடவே மணிக்கட்டும். பிட்டைப் பிடித்திருக்கும் சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கிறதே, அது இதற்காகத்தான். திருகு முடுக்கும்போது சின்ன எண்ணில் தொடங்குங்கள். அளவு தாண்டினால் ‘கர்ர்’ என்று நழுவிவிடும். டிரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினால் அந்தக் காவல் கிடையாது. பலர் வாங்கிய நாளிலிருந்து அதை அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

இடது கைதான் மாட்டும்

வீட்டுக் காயங்களில் எளிதாக நேர்வது இது: வலது கையில் மெஷின், இடது கையில் மரத்துண்டு. பிட் திருகின் தலையிலிருந்து வழுக்கி இடது உள்ளங்கையிலோ விரலிலோ இறங்குகிறது. துளை சின்னது, ரத்தமும் அதிகம் வராது. மஞ்சள் தூளை அப்பிக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குப் போய்விடுவோம்.

ஏமாற்றும் காயம் இது. வெட்டுக்காயம் திறந்திருப்பதால் கழுவ முடியும். குத்துக்காயம் மேலே மூடிக்கொண்டு அழுக்கை உள்ளே அடைத்துவிடும். விரலை மடக்கும் தசைநாண் ஒரு குழாய் போன்ற உறைக்குள் ஓடுகிறது. அதற்குள் கிருமி நுழைந்தால் அந்த உறை நெடுகப் பரவும். விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கும், லேசாக மடங்கியே நிற்கும், மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகும், உள்ளங்கைப் பக்கம் தொட்டால் விரல் நெடுக வலிக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. தாமதித்தால் விரல் மடங்காமலே போகலாம். லைனில் வேலை செய்பவருக்கு அது பிழைப்புப் பிரச்சினை.

குத்தியவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல் நுனி மரத்துப்போனாலோ மடக்க முடியாவிட்டாலோ நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சிக்கலான கைக் காயங்களுக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது.

இதைத் தவிர்க்க ஒரு ‘சி’ கிளாம்ப் போதும். மேசையோடு பலகையை இறுக்கிவிட்டால் இடது கைக்கு அங்கே வேலையே இல்லை.

கையுறை வேண்டாம்

பலர் இதை நம்புவதில்லை. சுற்றும் பிட்டுக்கு அருகில் தொளதொளப்பான துணிக் கையுறை போடக் கூடாது. நூல் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறு, துப்பட்டா, முந்தானை, பின்னாத கூந்தல், குனிந்தால் தொங்கும் செயின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிட் மாற்றும்போது முதலில் பாட்டரியைக் கழற்றுங்கள்.

கண்ணில் தெறித்தால்

மேல்கூரையைப் பார்த்துத் துளை போடும்போது எல்லாம் கண்ணுக்குத்தான் வரும். சிமெண்ட் தூசு என்றால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவலாம். இரும்புச் சிலும்பு வேகமாகத் தெறித்து, அதன்பின் பார்வை மங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். டீ குடிக்கும் பேப்பர் கப்பைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது, நாக்கால் எடுப்பது, கைக்குட்டை முனையால் நோண்டுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. இவற்றால் கிருமிதான் உள்ளே போகும். கருவிழியில் தங்கிய இரும்புத் துகள் சீக்கிரமே துருப்பிடித்து வளையம் விடும். இதற்கெல்லாம் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை; சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குகிறது.

சுவருக்குள் ஓடும் வயர்

மெஷினில் வயர் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. நம் வீடுகளில் சுவிட்ச் போர்டிலிருந்து பைப் பெரும்பாலும் நேராக மேலே ஏறும், சில இடங்களில் கீழே இறங்கும். போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள். பிட் 230 வோல்ட்டைத் தொட்டால் இரும்புச் சக் வழியாக அது கைக்கு வரலாம். பாட்டரி டிரில்லில் ஒரு பெரிய வசதி உண்டு: மெயினை இறக்கிவிட்டும் வேலை செய்யலாம். ஏனோ யாரும் செய்வதில்லை. வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயின் இறங்கிய பிறகும் ஃபேன் லைனில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

ஷீட் கூரை

இந்தப் பகுதியில் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளில் கணிசமானவை சிமெண்ட் ஷீட் கூரை. இந்த ஷீட்டுகளில் பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கும். அதில் துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலுக்குள் போகும். புற்றுநோய் வர 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. துணி மாஸ்க் இதற்கு உதவாது. விளக்கோ ஃபேனோ மாட்ட வேண்டுமானால் ஷீட்டைத் தாங்கும் இரும்புப் பைப்பில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். தூள் விழுந்திருந்தால் விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கவரில் கட்டிப் போடுங்கள்.

பாட்டரி

5 லித்தியம் செல் கொண்ட பாட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால் 21 வோல்ட்தான். அதன்மேல் 48 என்று ஸ்டிக்கர் ஒட்டியும் விற்கிறார்கள். அப்படிப் பொய் சொல்கிறவர் உள்ளே நல்ல செல் வைத்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மெத்தை மேல் சார்ஜ் போட வேண்டாம். தூங்கும்போதும் வேண்டாம். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள். உப்பிய பாட்டரியை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள்.

இ.எஸ்.ஐ. கணக்கு

வீட்டில் பட்ட காயத்துக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை உண்டு. கார்டு இருந்தும் தனியார் கிளினிக்கில் செலவு செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பணம் வேறு மாதிரி. வேலையிடத்தில் காயம் என்றால் தற்காலிக ஊனப் பலனாகச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டில் என்றால் அது நோய்க்காலப் பலன்: 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள், அதுவும் உரிய காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால். விரல் நிரந்தரமாக முடங்கினால், வேலையிடக் காயத்துக்கு மாதாமாதம் வரும் நிரந்தர ஊனத் தொகை வீட்டுக் காயத்துக்குக் கிடையாது.