திரும்பி வரும் டப்பா

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ள அரும்பாவூர், மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊராகும். 2020ஆம் ஆண்டில் அச்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றன. மரத்தின் இயல்பை ஏட்டில் மட்டும் படித்து எவரும் சிற்பியாகிவிட முடியாது. உளி பிடித்த கைதான் அதைக் கற்றுக்கொள்கிறது. அறிவியலும் அத்தகையதே.

"ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றலாம்" என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாய் ஒப்பிக்கின்றனர். அம்மாற்றத்தை அவர்கள் கண்ணால் கண்டதுண்டா? கடையில் வாங்கும் பேட்டரி பொம்மை, பொத்தானை அழுத்தியதும் ஓடுகிறது. உள்ளே நடப்பதையோ மறைத்துவிடுகிறது.

இக்குறையைப் போக்கப் பாடுபட்டவர்களுள் அர்விந்த் குப்தா குறிப்பிடத்தக்கவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளரான அவர், 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பங்கேற்றார். அதன்பின் வேண்டாமென எறியும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

அத்தகைய எளிய பொம்மை ஒன்றை உங்கள் இல்லத்திலும் செய்யலாம். மூடியுள்ள உருளை வடிவ பிளாஸ்டிக் டப்பா, அதன் நீளத்தைவிடச் சற்றுக் குட்டையான ரப்பர் பட்டை, கனமான இரும்பு நட்டு, நூல், இரு குச்சித் துண்டுகள் ஆகியவை போதும். டப்பாவின் அடியிலும் மூடியிலும் நட்டநடுவே துளையிடுங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பட்டையின் ஒரு முனையை அடித்துளை வழியே வெளியே இழுத்து, குச்சியைச் செருகி, அது சுழலாதவாறு ஒட்டிவிடுங்கள். பட்டையின் நடுவில் இரு இழைகளையும் சேர்த்து நட்டை இறுகக் கட்டுங்கள். நட்டு சற்றே தொங்க வேண்டும். டப்பாவின் சுவரைத் தொடலாகாது. மறுமுனையை மூடியின் துளையில் அவ்வாறே பொருத்தி மூடுங்கள்.

இனிச் சமதரையில் மெல்ல உருட்டச் சொல்லுங்கள். ஓடும் டப்பா தயங்கி நிற்கும். பின் தானாகவே திரும்பி வரும்!

காரணம் யாது? டப்பா உருளும்போது பட்டையின் முனைகளும் உடன் சுழல்கின்றன. நட்டின் எடையோ நடுப்பகுதியைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பட்டை முறுக்கேறுகிறது. கை தந்த இயக்க ஆற்றல் முறுக்கில் சேமிக்கப்பட்டு, முறுக்கு அவிழும்போது மீண்டும் இயக்கமாகிறது. ஒவ்வொரு முறையும் ஓடும் தூரம் குறைந்து டப்பா இறுதியில் ஓய்கிறதே! அப்போதும் ஆற்றல் அழிந்துவிடவில்லை. உராய்வினால் வெப்பமாகவும் சிறிது ஒலியாகவும் மாறியிருக்கிறது.

டப்பா திரும்பாவிட்டால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். நட்டு இலேசாக இருப்பதனாலா, சுவரில் உரசுவதனாலா, பட்டை தளர்ந்திருப்பதனாலா? அவர்களே திறந்து பார்க்கட்டும். இரண்டு நட்டுகள் கட்டினால் என்னாகும், சரிவில் உருட்டினால் என்னாகும் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அக்கேள்விகளுக்கு இடம் கொடுங்கள். அறிவியல் அங்கேதான் பிறக்கிறது.